"வேற ஒண்ணும் இல்லையே?"

இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. மருந்து பத்தி இல்ல, கேள்வி கேட்கிறது பத்தி. சாப்பிட்டுட்டு நிதானமா படிங்க.

சில வருஷம் முன்னாடி ஓபியில் ஒரு அம்மா. வயசு ஐம்பதுக்கு மேல இருக்கும். பிரஷர் மாத்திரைக்கு வருபவர். பிரஷர் பார்த்தேன், மாத்திரை எழுதினேன், சீட்டை நீட்டிக்கொண்டே "வேற ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றார். எழுந்தவர் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அதற்குள் அடுத்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் வீட்டுக்கு வெளியூர் போய்விட்டு நாலு மாசம் கழித்துத் திரும்ப வந்தார். மார்பில் கட்டி. "அப்பவே சின்னதா இருந்துச்சு சார். அன்னைக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க கேட்டப்போ வாய் வரல."

நான் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. "வேற ஒண்ணும் இல்லையே?" பதிலை நானே அதற்குள் வைத்துவிட்டேன். அவர் செய்ய வேண்டியதெல்லாம் தலையாட்டுவது மட்டும்தான்.

கேள்வியில் ஒரு சொல் மாறினால் எதிரில் இருப்பவர் யோசிப்பதே மாறுமா என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். டாக்டர்கள் எழுதியதுதான் கிடைக்கும் என்று நினைத்தேன். தேடல் கொண்டுபோய் விட்டதோ ஒரு டென்னிஸ் மைதானத்தில், ஒரு கார் பந்தய வீரரிடம், நார்வேயில் ஒரு குடிநோய் மருத்துவமனையில். இப்போது 'கோச்சிங்' என்று சொல்லப்படும் உரையாடல் முறை எங்கிருந்து வந்தது என்பதும் அதே கதைதான்.

நமக்கு கோச்சிங் என்றால் நீட் கோச்சிங், இல்லையென்றால் கிரிக்கெட் கோச்சிங். ஐடி கம்பெனியில் இருப்பவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். மேனேஜர்களுக்குத் தனியாக ஒரு 'கோச்' வைப்பார்கள். மாசம் இரண்டு முறை ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார்.

அந்தச் சொல்லின் பூர்வீகம் ஹங்கேரியில் கோச் என்ற சின்ன ஊர். அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. ஊர் பெயரே வண்டிக்குப் பெயராகி ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் ட்யூஷன் வாத்தியாரை விளையாட்டாக 'கோச்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வண்டி மாதிரி நம்மைத் தூக்கிக்கொண்டுபோய் பரீட்சைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுபவர் என்ற அர்த்தத்தில். அதாவது நம்ம நீட் கோச்சிங்தான் அந்தச் சொல்லின் பழைய பொருளுக்குச் சரியான வாரிசு! பயணி உட்கார்ந்திருந்தால் போதும், வண்டி போகும்.

இதே சொல், பதிலே சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பவரைக் குறிக்கும் சொல்லாக எப்படித் தலைகீழானது? அதற்கு அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக்குப் போகணும்.

கார்ல் ரோஜர்ஸ். உளவியலாளர். 1930களில் அங்கே பிரச்சினையுள்ள குழந்தைகளுக்கான ஒரு நிலையத்தில் வேலை. ஒரு பையன், அவனுடைய அம்மா. அம்மா பையனைச் சின்ன வயதில் ஒதுக்கியதுதான் காரணம் என்று நிலையத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க ரோஜர்ஸ் பல வாரம் முயற்சி செய்தார். பதமாகச் சொன்னார், அவர் சொன்ன விஷயங்களையே கோர்த்துக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், நாம் இரண்டு பேரும் முயற்சி செய்துவிட்டோம், இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் திரும்ப வந்து உட்கார்ந்து தன் திருமணத்தைப் பற்றி, தன் தோல்விகளைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார். இதுவரை அவர் சொன்ன 'கேஸ் ஹிஸ்டரி'க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அங்கேதான் தொடங்கியது, அம்மாவும் தேறினார், பையனும் தேறினான் என்று ரோஜர்ஸ் பின்னாளில் எழுதினார்.

கதவு வரைக்கும் போய்த் திரும்பும் அந்த நொடி! ஓபி பார்க்கும் எந்த டாக்டருக்கும் அது பழக்கம். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார்" என்று கதவுப் பிடியில் கைவைத்தபடி சொல்வதில்தான் சில சமயம் முழு நோயும் இருக்கும்.

1940இல் ரோஜர்ஸ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் என் பார்வையில் அவருடைய கொள்கைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆலோசனை அறையில் மைக் வைத்துப் பேச்சை ஒலித்தட்டில் பதிவு செய்தார். அந்தக் காலத்துத் தட்டு சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், மாற்றி மாற்றிப் போட ஆள் வேண்டும். அதுவரை அந்த அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது டாக்டர் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியதுதான். ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் எழுதும், இல்லையா? 1942இல் வந்த அவருடைய புத்தகத்தில், ஹெர்பர்ட் பிரயன் என்று புனைபெயரிடப்பட்ட ஒருவருடன் நடந்த எட்டுச் சந்திப்புகளும் வார்த்தைக்கு வார்த்தை அச்சாகின. அப்படி ஒன்று அதற்கு முன் வந்ததில்லை.

பதிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். போர்ட்டர் என்ற மாணவர் கணக்கெடுத்தார். வழிநடத்தும் பாணி ஆலோசகர்கள், வந்தவரையே பேசவிடும் பாணி ஆலோசகர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிக வார்த்தைகள் பேசியிருந்தார்கள். உதவி கேட்டு வந்தவர் வாயைத் திறக்கவே இடம் இல்லை.

'நோயாளி' என்ற சொல்லையும் ரோஜர்ஸ் விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு லத்தீன் வேர், 'தாங்கிக்கொள்பவர்' என்று பொருள். செய்கிறவர் டாக்டர், தாங்கிக்கொள்கிறவர் இவர். அதற்குப் பதிலாக 'கிளையண்ட்' என்றார். தானாகத் தேடி வந்து ஒரு சேவையைக் கேட்கிறவர், பொறுப்பைக் கையில் வைத்திருப்பவர். எனக்கு அந்தச் சொல்லிலும் முழு திருப்தி இல்லை, வக்கீல் ஆபீஸ் வாசம் அடிக்குது. ரோஜர்ஸுக்கும் பிற்காலத்தில் அது போதவில்லை போல, 'மனிதரை மையமாகக் கொண்ட' என்று மாற்றிக்கொண்டார். ஆனால் ஒரு சொல்லை மாற்றினால் அறைக்குள் யார் யோசிக்கணும் என்பதே மாறும் என்று அவர் பார்த்தது சரி.

அடுத்து முப்பது வருடம் தாண்டி கலிபோர்னியா. ஹார்வர்டு டென்னிஸ் அணிக்குக் கேப்டனாக இருந்த திமோதி கால்வே 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கிளப்புக்கு வருபவர்களிடம் எல்லாக் கோச்சும் சொல்வதைத்தான் அவரும் சொல்லிப் பார்த்திருக்கிறார். பந்தைப் பார், முழங்கையை மடக்காதே, சீக்கிரம் திரும்பு. சொல்லச் சொல்ல ஆட்டம் மோசமானது. உடம்பு இறுகியது. மைதானத்தில் வெளியே நிற்கும் கோச்சோடு சேர்த்து, ஆடுபவரின் தலைக்குள்ளும் ஒரு கோச் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார்.

ஒரு சின்ன தந்திரம் செய்தார். பந்து தரையில் பட்டதும் 'பவுன்ஸ்' என்று சத்தமாகச் சொல்லு, மட்டையில் பட்டதும் 'ஹிட்' என்று சொல்லு. அவ்வளவுதான். நன்றாக அடி, சரியாக அடி என்ற பேச்சே கிடையாது. அதைச் சரியான நேரத்தில் சொல்லணும் என்றால் பந்தைப் பார்த்தே ஆகணும்! "பந்தைப் பார்" என்ற கட்டளையால் நடக்காதது, கட்டளையே இல்லாமல் நடந்தது. 1974இல் அவருடைய 'இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' புத்தகம் வந்தது. டென்னிஸ் மட்டையையே தொடாத ஆட்களும் அதை வாங்கிப் படித்தார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். இங்கிலாந்துக்காரர், கார் பந்தய வீரர், 1965இல் லோட்டஸ் கார்டினா ஓட்டி ஐரோப்பியச் சாம்பியன் ஆனவர். பந்தயத்தை விட்டபிறகு கால்வேயிடம் கற்றுக்கொண்டு, அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். முதலில் டென்னிஸ், பனிச்சறுக்கு. பிறகு கம்பெனிகள். 1992இல் அவர் எழுதிய 'கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்'தான் இன்றைக்கு கார்ப்பரேட் கோச்சிங்குக்கு ஒரு மூலநூல் மாதிரி. 'குரோ' என்ற நாலு எழுத்துச் சூத்திரம் பரவியதும் அதனால்தான். இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கு, எதைச் செய்யப் போறே.

சூத்திரத்தை விடுங்க. எனக்குப் பிடித்தது அவர் கேள்விகளை உரசிப் பார்க்கும் விதம். "பந்தைப் பார்க்கிறாயா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்று வரும். பொய்யாகக்கூட இருக்கலாம். "ஏன் பார்க்கவில்லை?" என்றால் சாக்கு வரும். "பந்து எந்தப் பக்கம் சுழன்று வருது?" என்று கேட்டால் பொய் சொல்ல வழி இல்லை. பதில் சொல்லணும் என்றால் பந்தைப் பார்த்தாகணும். 'ஏன்' என்ற கேள்வியைத் தவிருங்கள் என்று விட்மோர் சொன்னார். அது குற்றம்சாட்டுவது போலக் காதில் விழும், கேட்டவுடன் ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார். 'என்ன', 'எப்போது', 'எவ்வளவு' என்று கேளுங்கள், ஆள் நடந்ததைப் பார்ப்பார்.

இதைப் படித்துவிட்டு என் வாயையே நான் கவனிக்க ஆரம்பித்தேன். "ஏன் சுகர் மாத்திரை ஒழுங்கா போடல?" ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணினால் வெட்கமாக இருந்தது. நம்ம ஊரில் 'ஏன்' கேள்வியா என்ன? "ஏன் லேட்டு?", "ஏன் மார்க் குறைஞ்சுது?" பள்ளிக்கூடத்தில் வாசலில் நிற்கவைத்துக் கேட்டதெல்லாம் அதுதானே. யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. அதனால் அறுபது வயசுக்காரரும் எட்டாங்கிளாஸ் பையன் மாதிரி "மறந்துட்டேன் சார்" என்பார். நானும் "மறக்கக் கூடாது ஐயா" என்பேன். இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது.

கட்டட வேலைக்குப் போகும் ஒருவரிடம் ஒருநாள் மாற்றிக் கேட்டேன். "கடைசியா மாத்திரை விட்டது என்னைக்குய்யா? அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அஞ்சரை மணிக்கே கிளம்பிடணும். டீ மட்டும்தான். சாப்பாடு பதினோரு மணிக்கு. மாத்திரை போட்டுட்டுப் போனால் பத்து மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, கண்ணைக் கட்டுது. சாரத்து மேல நிக்கிறப்போ பயமா இருக்கு. வேலை இருக்கிற நாள் போடுறதில்ல.

அவர் மறக்கவே இல்லை! நான் எழுதிய மாத்திரை வெறும் வயிற்றில் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்கியிருக்கிறது. சாரத்திலிருந்து விழாமல் இருக்க அவராகக் கண்டுபிடித்த வழி, மாத்திரையை விடுவது. 'மறந்துட்டேன்' என்ற பதிலை நம்பி நான் டோஸைக் கூட்டியிருந்தால்? தடையமே இல்லாமல் ஒரு விபத்து நடந்திருக்கும்.

சரி, நார்வே பாக்கி இருக்கு.

அதற்கு முன்னால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் குடிக்கும் போதைக்கும் என்ன மாதிரி பேச்சு நடந்தது என்று தெரிஞ்சுக்கணும். 1958இல் கலிபோர்னியாவில் சினனான் என்று ஓர் அமைப்பு ஆரம்பித்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை நடுவில் பிடித்துக்கொண்டு கத்தித் தீர்ப்பார்கள். அவன் பொய்யை உடைக்கணுமாம். அந்தப் பாணி பல சிகிச்சை மையங்களுக்கும் பரவியது. அங்கெல்லாம் ஒரு சொல் ஆட்சி செய்தது. 'மறுப்பு'. குடிகாரன் தன் பிரச்சினையை மறுப்பான், அது அவன் நோயின் குணம், அதனால் மோதி உடைக்கணும். "நான் குடிகாரன்" என்று அவன் வாயால் சொல்லவைப்பதே முதல் வெற்றி. அவன் "இல்லை" என்றால்? பார்த்தீங்களா, மறுக்கிறான்! தப்பிக்கவே முடியாத சொல்.

வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1982இல் நார்வேயில் பெர்கன் அருகே ஒரு குடிநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தார். இளம் உளவியலாளர்களுக்குப் பாடம் எடுக்கணும். அவர்கள் பாடத்தோடு விடவில்லை. நாங்கள் நோயாளி மாதிரி நடிக்கிறோம், நீங்கள் பேசிக் காட்டுங்கள் என்றார்கள். பேசும்போது நடுநடுவே நிறுத்தினார்கள். இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்? வேறொன்றைக் கேட்காமல் இதைக் கேட்டது எதற்கு? அவர் சொன்ன பத்து விஷயத்தில் இந்த ஒன்றை மட்டும் திருப்பிச் சொன்னது எதற்கு? மில்லருக்கே அப்போதுதான் தெரிந்ததாம், தான் ஏதோ விதிகளின்படிதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அந்த விதிகளை எழுதினார். 1983இல் அது ஒரு கட்டுரையாக வந்தது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991இல் புத்தகம். இன்றைக்கு 'மோட்டிவேஷனல் இண்டர்வியூயிங்' என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது அதுதான்.

அவர் கண்ட விஷயம் எளிமையானது. குடிப்பவர் மனதில் இரண்டு குரலும் ஏற்கனவே இருக்கு. விடணும் என்று ஒன்று, முடியாது என்று ஒன்று. நாம் 'விடணும்' பக்கம் நின்று வாதாடினால் அவருக்கு மிச்சம் இருப்பது மற்றப் பக்கம் மட்டுமே. "லிவர் போயிடும்" என்று நான் சொன்னால் "எங்கப்பா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு சார்" என்று அவர் சொல்லித்தான் ஆகணும். அதைத் தன் வாயால் சொல்லும்போது தன் காதாலேயே கேட்கிறார். தன் வாயிலிருந்து வந்ததை மனிதன் நம்புவான். ஆகக் குடிப்பதற்கான நியாயங்களை அவருக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுப்பது நான்தான்.

இது வெறும் தத்துவம் இல்லை. மில்லரும் கூட இருந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவு அதிகம் மோதினாரோ, ஒரு வருடம் கழித்து அந்த நபர் அவ்வளவு அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். உடனே ஒரு சந்தேகம் வரணும், எனக்கும் வந்தது. பிடிவாதக்காரரிடம்தானே அதிகம் மோதியிருப்பார்கள், எது காரணம், எது விளைவு? அதற்கு 1985இலேயே ஒரு சோதனை இருந்தது. பேட்டர்சன், ஃபோர்காட்ச் என்ற இருவர் செய்தது. பிள்ளைகளை வளர்க்கத் திணறும் தாய்மார்களோடு பேசும் சிகிச்சையாளர்களிடம், ஒரே சந்திப்பில் கொஞ்ச நேரம் அறிவுரை, கொஞ்ச நேரம் ஆதரவு என்று பாணியை மாற்றி மாற்றிப் பேசச் சொன்னார்கள். அறிவுரை தொடங்கினால் எதிர்ப்பு ஏறியது. ஆதரவுக்கு மாறினால் இறங்கியது. மறுபடி அறிவுரை, மறுபடி ஏற்றம். அதே அம்மா, அதே அறை. எதிர்ப்பு அந்த அம்மாவின் குணம் என்றால் இப்படி விசை போட்ட மாதிரி ஏறி இறங்குமா?

"நான் குடிகாரன்" என்று ஒப்புக்கொள்ள வைப்பதும் தேவையில்லை என்றார் மில்லர். பட்டம் வேண்டாம், குடியால் அவருக்கு நடப்பதைப் பேசினால் போதும். நம்ம பத்திரிகைகள் கொஞ்ச வருஷமாகக் 'குடிகாரன்' போய் 'குடிநோயாளி' என்று எழுதுகின்றன, நல்லதுதான். ஆனால் அந்த நல்ல பட்டத்தையும் நெற்றியில் ஒட்டிக்கொள்ளாமலே ஒருவர் குடியை விட முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 2003இல் வந்தது. பால் ஆம்ரைன் என்ற மொழி உளவியலாளர், போதைப் பழக்கத்தை விட வந்த 84 பேரின் சந்திப்புகளின் வீடியோவை எடுத்துக்கொண்டு, வந்தவர்கள் பயன்படுத்திய வினைச்சொற்களைப் பிரித்தார். ஆசை, முடியும் என்ற நம்பிக்கை, காரணம், தேவை, உறுதி என்று வகை வகையாக. விடணும் என்ற ஆசை எவ்வளவு பேசினார்கள் என்பது நேரடியாக எதையும் காட்டவில்லை. சந்திப்பின் கடைசிப் பகுதியில் 'செய்வேன்' என்ற உறுதிச்சொல் வலுத்துக்கொண்டே போனவர்கள்தான் பின்னால் நிஜமாகவே விட்டிருந்தார்கள். ஆசையும் தேவையும் அந்த உறுதிக்குப் படிக்கட்டு.

இதைத் தமிழில் கேட்டுப் பாருங்க. "விட்டா நல்லாத்தான் இருக்கும்." "விடணும் சார்." "விட்டுடலாம்னு பார்க்கிறேன்." "விட்டுடறேன்." "ஞாயித்துக்கிழமைல இருந்து கடைப்பக்கம் போகல." ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. நம்மில் பாதிப் பேர் 'விடணும் சார்' என்று காதில் விழுந்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி சீட்டு எழுத ஆரம்பிச்சுடறோம். அது தேவை மட்டும்தான். 'பார்க்கலாம்' என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று பொண்ணு பார்க்கப் போய் வந்த எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன், சிலருக்குப் பிடிக்காது. இப்போ இணையத்தில் 'லைஃப் கோச்' என்று வருபவர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டது சொல் மாற்றம் மட்டும்தான். 'பிரச்சினை' என்று சொல்லாதே, 'சவால்' என்று சொல்லு. 'தோல்வி' இல்லை, 'பாடம்'. சம்பளம் வராதவனிடம் போய் அது உனக்கு ஒரு வாய்ப்பு என்பார்கள். ரோஜர்ஸ், கால்வே, மில்லர் மூணு பேரும் இனிப்புத் தடவிய சொல்லைத் தேடவில்லை. கால்வேயின் 'பவுன்ஸ், ஹிட்'டில் என்ன இனிப்பு இருக்கு? எந்தச் சொல்லைப் போட்டால் எதிரில் இருப்பவர் நிஜமாக நடப்பதைப் பார்ப்பார், தன் வாயால் சொல்வார் என்று தேடினார்கள். அவர் சொல்லும் கஷ்டத்துக்கு நாமே ஒரு அழகான பெயர் வைத்துத் திருப்பிக் கொடுத்தால், அது பழைய அறிவுரைதான். ஜிகினா சுத்தின அறிவுரை.

இப்போ என் கேள்விக்கு வரேன்.

டாக்டர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்தார். ஆரம்பித்ததைச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. அது அமெரிக்கா. நம்ம ஓபியில் 18 விநாடி என்பது தாராளம் என்று சொல்வேன்.

அதைவிட 2007இல் வந்த ஒன்றுதான் என்னை உட்காரவைத்தது. ஜான் ஹெரிட்டேஜ் என்ற, மனிதர்களின் பேச்சையே ஆராயும் சமூகவியலாளரும் அவர் குழுவும் செய்தது. 20 குடும்ப மருத்துவர்கள், 224 நோயாளிகள். உள்ளே போகுமுன் நோயாளிகளிடம் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். டாக்டர்களில் ஒரு பாதியிடம், முதல் தொந்தரவைக் கேட்டபிறகு ஆங்கிலத்தில் 'எனிதிங் எல்ஸ்' இருக்கா என்று கேட்கச் சொன்னார்கள். இன்னொரு பாதியிடம் 'சம்திங் எல்ஸ்' இருக்கா என்று கேட்கச் சொன்னார்கள். மற்றதெல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு சொல் வித்தியாசம்.

ஒன்றுக்கு மேற்பட்ட தொந்தரவு எழுதிக்கொடுத்திருந்தவர்களில், 'சம்திங்' என்று கேட்கப்பட்டவர்கள் 90 சதவீதம் பேர் 'ஆமாம்' என்றார்கள். 'எனிதிங்' என்று கேட்கப்பட்டவர்கள் 53 சதவீதம்தான். சொல்லாமலே திரும்பிப் போகும் தொந்தரவுகள் 'சம்திங்' கேட்ட அறைகளில் 78 சதவீதம் குறைந்தன. 'எனிதிங்' என்று கேட்டதும் கேட்காமலே இருந்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! அப்படிக் கேட்டால் நேரம் இழுக்கும் என்ற பயமும் பொய்த்தது. சந்திப்பின் நீளம் சொல்லும்படியாகக் கூடவில்லை.

காரணம் இலக்கணத்தில் இருக்கு. ஆங்கிலத்தில் 'எனி' இயல்பாகவே 'இல்லை'யோடு சேர்ந்து வாழும் சொல். கேட்கும்போதே காற்று 'இல்லை' பக்கம் அடிக்கும்.

தமிழில் இப்படிச் சோதனை செய்த கணக்கு என் கையில் இல்லை, ஆங்கில எண்களை அப்படியே நமக்கு ஒட்டவைக்கவும் கூடாது. ஆனால் தமிழ் தெரிந்தவருக்குக் காது போதும். 'ஒண்ணும்' என்ற சொல் 'இல்லை' இல்லாமல் நடக்கவே நடக்காது. அதன் மேல 'இல்லையே' என்று ஓர் ஏகாரம், 'இல்லைன்னு சொல்லிடு தாயி' என்று கெஞ்சுகிற மாதிரி. ஆங்கில டாக்டர் 'இல்லை'யைக் குறிப்பாகக் காட்டினார், நான் அந்த அம்மாவுக்கு வாயில் ஊட்டியே விட்டேன். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்கதானே?" என்பதும் அதே ரகம். அந்தத் 'தானே'வுக்கு "போடல" என்று பதில் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்! அதுவும் டாக்டர் எதிரில், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது, மார்பைப் பற்றி.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, கீமோ முடிஞ்சுது. இப்பவும் பிரஷர் மாத்திரைக்கு வராங்க. நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு சின்னதா முடிஞ்சிருக்கும்னு அவங்க கேட்டதில்ல. நான்தான் கேட்டுக்கிறேன்.

இப்போ "வேற என்ன சொல்லணும்னு நினைச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு. எல்லா நாளும் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு மேல, வெளியில் இன்னும் கூட்டம் நிற்கும்போது, வாய் தானாகப் பழைய பாட்டுக்குப் போயிடுது. நேத்துகூட ஒரு பாட்டியிடம் "வேற ஒண்ணும் இல்லையே பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சாமி" என்று எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவு வரைக்கும் போய்விட்டார். கூப்பிட்டு உட்காரவைத்து, மாற்றிக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "ராத்திரியில ஒண்ணுக்கு அடக்க முடியல சாமி. மருமக துணி துவைக்கறப்போ சங்கடமா இருக்கு. ஒரு வருஷமா இருக்கு."